புண்ணியம் அடையாறுக்கு, புகை எண்ணூருக்கு

பூமியைக் காப்பாற்றக் கிளம்பிய ஒருவரை நேற்று மாலை மந்தைவெளியில் தரிசித்தேன். பச்சை நம்பர் பிளேட் போட்ட மின்கார், ஏற்றிவிட்ட கண்ணாடி, உள்ளே ஏசிக் குளிரில் அவர் மட்டும். பக்கத்தில் எங்கள் 29சி. படிக்கட்டில் ஏழு பேர் தொங்க, கண்டக்டர் "உள்ள போங்க, உள்ள போங்க" என்று கத்திக்கொண்டிருந்தார். போவதற்கு உள்ளே இடம் தீர்ந்து வெகுநேரம் ஆகிவிட்டது. இரண்டு வண்டியும் இருபது நிமிடம் ஒரே இடத்தில் நின்றன. கார் மட்டும் சத்தம் போடாமல் நின்றது. இதற்குப் பெயர் பசுமைப் போக்குவரத்து.

இந்தத் தியாகிக்கு அரசு செய்த மரியாதையைக் கேளுங்கள். தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல் 20 லட்சத்துக்கு மேல் விலையுள்ள காருக்குச் சாலை வரி 20 சதவீதம். அதே ஆண்டு வந்த மின்வாகனக் கொள்கை மின்காருக்கு அதை முழுசாகத் தள்ளுபடி செய்தது. ஆக, 25 லட்ச ரூபாய்க் கார் வாங்க வசதியுள்ளவருக்கு ஏழை நாட்டின் அன்பளிப்பு 5 லட்சம்.

ஜிஎஸ்டி? 2019 ஆகஸ்ட் முதல் மின்காருக்கு 5 சதவீதம். அறுபது பேரைச் சுமக்கும் டீசல் பேருந்துக்கு 28! பான் மசாலாவோடு ஒரே வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள். 2025 செப்டம்பரில்தான் மனமிரங்கி 18 ஆக்கினார்கள். கூடிப் போவது கெட்ட பழக்கம், தனியே போவது தர்மம் என்பது சித்தாந்தம்.

மின்காருக்குப் புகைக்குழாய் கிடையாதாம். யார் சொன்னது? கொஞ்சம் நீளமான குழாய், அவ்வளவுதான். அடையாறில் சார்ஜ் போட்டால் மறுமுனை எண்ணூர்ப் பக்கத்து அனல்மின் நிலையத்தில் திறக்கிறது. அங்கே கொசஸ்தலையாற்றில் வலை வீசுபவருக்குப் பச்சை நம்பர் பிளேட் பழக்கமில்லை; சாம்பல் நிறம் நன்றாகத் தெரியும். எரிக்கிற நிலக்கரியை அறுபது பேருக்காகவாவது எரிக்கலாமே என்றால், சென்னைக்கு மின்பேருந்துகள் மொத்தமாக, 120 என்ற எண்ணிக்கையில், வந்து சேர்ந்ததே 2025 ஜூன் 30 அன்றுதான்.

இந்த ஊரில் பேருந்து கேட்பதே ஒரு தவம். ஏறக்கூடிய உயரத்தில் படி வேண்டும் என்பதற்காக மாற்றுத்திறனாளிகள் உயர் நீதிமன்றப் படி ஏற வேண்டியிருந்தது. 2023 டிசம்பரில் கிளாம்பாக்கத்தில் பேருந்து நிலையத்தைத் திறந்தார்கள்; அதற்கான ரயில் நிலையம் அப்போது தயாராகவில்லை. மூட்டை முடிச்சோடு வந்தவர்கள் எப்படியாவது ஊருக்குள் வந்துவிடுவார்கள் என்று நம்மேல் அத்தனை நம்பிக்கை.

நாங்களும் மனு கொடுத்தோம். இரவு ஒன்பதுக்கு மேல் நிறுத்திவிட்ட ஒரு பஸ் நடையைத் திரும்ப விடுங்கள், வேறொன்றும் வேண்டாம். மூன்று முறை அலைந்தபின் பதில் கிடைத்தது: "போதிய பயணிகள் இல்லை." கடையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, வியாபாரமே இல்லை என்று கணக்கு எழுதுகிற முதலாளி இவர்கள்தான்.

அந்த "போதாத பயணி" ஒருவரை எனக்குத் தெரியும். எங்கள் பகுதியில் வீட்டு வேலை செய்யும் அக்கா. 2021 முதல் சாதாரணப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை; அந்த உத்தரவைக் கேட்டு மகிழ்ந்தவர். இன்று டிக்கெட் இலவசம், பேருந்துதான் இல்லை. கடைசி வீட்டில் பாத்திரம் துலக்கி முடிக்கையில் மணி ஒன்பதரை. வாசலில் மின்கார் நிம்மதியாக சார்ஜ் குடித்துக்கொண்டிருக்கும். அதைத் தாண்டி நடந்து, அன்றைய கூலியில் ஒரு பங்கை ஷேர் ஆட்டோவுக்கு எண்ணிக் கொடுத்து வீடு போகிறார்.

அந்தக் காருக்காக 5 லட்சத்தை விட்டுக்கொடுத்தவர்களுக்கு, அவருக்காக ஒரு நடை பஸ் விட மனசு வரவில்லை.