ஹைலைட் சுவர்க்காரர்

யார் வீட்டுக்குப் போனாலும் இவர் முதலில் சோபாவில் உட்கார மாட்டார். சுவரை விரல் மடக்கித் தட்டிப் பார்ப்பார். "பட்டி ஒரு கோட்டா, ரெண்டு கோட்டா?" வீட்டுக்காரர் காபி டம்ளரை நீட்டியபடியே நிற்பார்.

தன் வீட்டுப் படுக்கையறைச் சுவருக்குத் தானே ஸ்டென்சில் வைத்து மயில் டிசைன் போட்டுக்கொண்டிருப்பவர் இவர். போட்டு முடித்தவர் என்றொரு பிரிவு இந்த இனத்தில் கிடையாது. பெயின்டரைக் கூப்பிடலாமே என்று சொல்லிவிடாதீர்கள். "அவங்க ரோலரை உருட்டிட்டுப் போயிடுவாங்க சார். இது கலை!"

ஆயுத பூஜை லீவில் ஆரம்பித்தது. கட்டிலை அறை நடுவுக்கு இழுத்து, பீரோவுக்குப் பழைய புடவை போர்த்தி, உப்புத்தாள் தேய்த்துக் கிளப்பிய தூசி சமையலறை மிளகாய்த்தூள் டப்பா வரை போனது. குடும்பம் ஹாலில் பாய் விரித்தது. "ரெண்டே நாள்" என்றார். பையனுக்கு அரையாண்டுப் பரீட்சையே வந்துவிட்டது.

ஸ்டென்சிலின் சூட்சுமம் பிரஷ்ஷில் பெயின்ட் இருந்தும் இல்லாத மாதிரி இருப்பதுதான். தொட்டதைச் செய்தித்தாளில் ஒத்தி எடுத்துவிட்டு, மிச்சமிருக்கும் ஈரத்தைக் கொண்டு நேர்க்குத்தாகக் குத்தவேண்டும். இவருக்கும் தெரியும். ஆனால் காசு கொடுத்து வாங்கிய எமல்ஷனைப் பேப்பருக்குத் தாரை வார்க்க மனசு வரவில்லை. தாராளமாகவே தொட்டார். அது ஸ்டென்சிலுக்கு அடியில் புகுந்து வழிந்ததில் முதல் மயிலுக்கு நாலு கால்.

சுவரின் நடுவில் தொடங்கி இரண்டு பக்கமும் போயிருந்தால் ஓரங்களில் மிச்சம் சமமாக விழுந்திருக்கும். இவர் பிள்ளையார் சுழி மாதிரி இடது மூலையில் ஆரம்பித்தார். வலது மூலையில் அரை மயிலுக்குத்தான் இடம் இருந்தது. இடையில் வந்த சுவிட்ச் போர்டுக்கு அவர் ஒதுங்கவில்லை. ஒரு மயிலின் வயிற்றில் ஃபேன் ரெகுலேட்டர் இருக்கிறது. கோடு மட்டும் ரசமட்டம் வைத்துப் போட்டார், குறை சொல்ல முடியாது. பில்டர்தான் சீலிங்குக்கு ரசமட்டம் வைக்கவில்லை. இடது பக்கம் மயில் கொண்டைக்கும் சீலிங்குக்கும் ரெண்டு விரற்கடை, வலது பக்கம் ஒரு சாண். வீடு வாங்கிய நாளாக யார் கண்ணிலும் படாமல் இருந்த கோணலை இப்போது மயில்கள் வரிசையாக நின்று காட்டிக்கொடுக்கின்றன.

குறை சொன்னால் வரலாற்றைக் கையில் எடுப்பார். "பீகார் மிதிலையில புதுசாக் கல்யாணம் ஆனவங்களோட அறைக்குக் கோபர் கர்னு பேரு. சுவர் பூராவும் தாமரை, மூங்கில், மீன், கிளின்னு வரைவாங்க." வரைபவர்கள் பெண்கள், அதுவும் ஸ்டென்சில் இல்லாமல் வெறுங்கையால் என்பதை மட்டும் சொல்ல மாட்டார். "அதைப் பேப்பர்ல வரைஞ்ச ஜகதம்பா தேவிக்கு 1975-ல பத்மஸ்ரீயே குடுத்தாங்க!" என்கிறபோது முகத்தில் லேசான எதிர்பார்ப்பு தெரியும். "1934-ல பீகார் பூகம்பத்துல வீடுங்க இடிஞ்சுது. சேதம் பார்க்கப் போன ஆர்ச்சர்னு ஒரு வெள்ளைக்கார அதிகாரி அப்பத்தான் உள்சுவர் ஓவியத்தையெல்லாம் பார்த்து அசந்துட்டாரு."

"அப்ப நம்ம வீடும் இடிஞ்சாத்தான் உங்க பெருமை நாலு பேருக்குத் தெரியுமாங்க?" என்றார் மனைவி, பாயைச் சுருட்டிக்கொண்டே.

அதுவரை காத்திருக்க இவர் தயாரில்லை. நம் வீடுகளில் விருந்தாளிக்குப் படுக்கையறையைக் காட்டுகிற வழக்கம் அவ்வளவாக இல்லை. இவர் சிலிண்டர் போட வந்தவரையும் உள்ளே அழைத்துப் போவார். அவர் தலையைச் சொறிந்தபடி, "பசங்க வரைஞ்சதா சார்? நல்லாருக்கு" என்றார்.

இவ்வளவுக்கும் அந்தச் சுவர் கட்டிலின் தலைமாட்டில் இருக்கிறது. படுத்தால் இவர் கண்ணுக்குத் தெரிவது எதிர்ச்சுவரில் ஏசி ஒழுகிய கறையும் காலண்டர் ஆணியும்தான். கட்டிலைத் திருப்பிப் போட்டுக்கொள்ளலாமே என்று கேட்டேன். வடக்கே தலை வைத்துப் படுக்கக் கூடாதாம்.