கடல் கடந்த மேடையில் ஓட்டமாவடியின் ஆங்கிலம்: கேள்வி நேரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

1. ஆய்வின் தேவை

வெளிநாட்டு மாநாடொன்றில் ஆங்கிலத்தில் கட்டுரை வாசித்துவிட்டு வருகிறவரிடம் ஊர் கேட்பவை மூன்றே கேள்விகள். அங்கே குளிரா? சாப்பாடு ஹலாலா? சாமான் என்ன கொண்டு வந்தீங்க? மேடையில் அவருக்கு என்ன நடந்தது என்று இன்றுவரை எவரும் விசாரித்ததில்லை. இந்தப் பாரிய ஆய்வு இடைவெளியை நிரப்புவதே இக்கட்டுரையின் நோக்கம்.

2. களமும் முறையியலும்

ஆய்வுக் களம் கிழக்கிலங்கையின் முஸ்லிம் ஊரான ஓட்டமாவடி. வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகமும் ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகமும் இருப்பதால், கட்டுரையும் கையுமாகத் திரிபவர்களுக்கு இப்பக்கத்தில் பஞ்சமில்லை. தரவுகள் அஸர் தொழுகைக்குப் பின் பிளேன்டீக் கடையில் திரட்டப்பட்டன. மாதிரிக் குழு: அன்று கடைக்கு வந்தவர்கள். கட்டுப்பாட்டுக் குழு: வராதவர்கள்.

‘இரண்டாம் மொழி’ என்ற வழக்கில் ஒரு கணக்குச் சிக்கல் உண்டு. இவ்வூரார் வீட்டில் பேசுவது தமிழ், ஓதுவது அரபு, பொலிஸிலும் கொழும்புக் கந்தோர்களிலும் சமாளிப்பது சிங்களம். 1987இல் வந்த 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கி, ஆங்கிலத்தை இணைப்பு மொழி என்றது. எப்படி எண்ணினாலும் ஆங்கிலம் வரிசையில் நான்காவதாகத்தான் நிற்கிறது. ஆயினும் புலமை மரபு கருதி அதனை இரண்டாவது என்றே கொள்வோம்.

3. முன்னோர்

இலங்கைத் தமிழரில் சேர். பொன்னம்பலம் இராமநாதன் 1905-06இல் அமெரிக்கா சென்று உரைகள் ஆற்றினார். ஆனால் ஆங்கிலத்தில் அவர் வெள்ளைக்காரருக்கே வகுப்பெடுக்கக்கூடியவர். ஆகவே மாதிரியிலிருந்து நீக்கப்படுகிறார்.

1966 ஏப்ரலில் கோலாலம்பூரில் தனிநாயக அடிகளின் முயற்சியால் முதலாவது உலகத் தமிழாராய்ச்சி மாநாடு நடந்தது. தமிழைப் பற்றிய அம்மாநாட்டின் கட்டுரைகளில் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் இருந்தன. பல தேசத்து அறிஞருக்கும் விளங்க வேண்டுமே என்ற நியாயம் அதற்கு உண்டு.

ஐன்ஸ்டைன் இந்த நியாயத்துக்குக் கட்டுப்படவில்லை. 1931இல் ஒக்ஸ்ஃபோர்டுக்குப் போய் ஜெர்மன் மொழியிலேயே பேசினார். அவர் எழுதிய கரும்பலகையைத் துடைக்காமல் எடுத்து, இன்றும் அங்குள்ள அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். நம்மவரின் ஸ்லைடையோ, அடுத்த பேச்சாளர் மேடையேறும் முன்பே கணினியிலிருந்து அழித்துவிடுகிறார்கள்.

இன்னும் துணிந்தவர் ஜப்பானியரான தொஷிஹிதே மஸ்காவா. 2008இல் பௌதிகவியல் நோபல் பரிசு கிடைக்கும்வரை அவரிடம் கடவுச்சீட்டே இருக்கவில்லை. ஸ்டொக்ஹோமில் மேடையேறி, தனக்கு ஆங்கிலம் பேச வராது என்பதை மட்டும் ஆங்கிலத்தில் சொன்னார். மீதியெல்லாம் ஜப்பானிய மொழியில். திரையில் ஆங்கில வரிகள் ஓடின. இவ்வழி சிறந்ததே. ஆனால் இதைக் கையாள முதலில் நோபல் பரிசு வாங்க வேண்டியிருப்பதால் நம்மவருக்கு உடனடியாகப் பரிந்துரைப்பதற்கில்லை.

4. அவதானங்கள்

4.1 ஒத்திகை. பயணத்துக்கு முந்திய வாரம் அறைக் கதவு சாத்தப்படும். அலுமாரிக் கண்ணாடியின் முன் சாரத்தோடு, மேலே இரவல் கோட்டைப் போட்டுக்கொண்டு, கைப்பேசியில் நேரம் வைத்துப் பேச்சு நடக்கும். அச்செடுத்த தாளில் கடினமான சொற்களுக்கு மேலே பென்சிலால் ‘ஹைபொதிஸிஸ்’, ‘சிக்னிஃபிகன்ற்’ என்று தமிழில் எழுதியிருக்கும். அடுப்படியிலிருந்து உம்மா கேட்பார்: “ஆரோட கதைக்கிறாய், மகன்?”

4.2 உரை. உள்ளூர பிஸ்மி சொல்லித் தொடங்குவதால் முதல் நிமிடம் நன்றாகவே போகும். பின்னர் வேகம் கூடும். பாடமாக்கியது மறந்துவிடுமோ என்ற பயத்தில், கால் மணி நேரப் பேச்சு அரைவாசி நேரத்தில் முடிந்துவிடும். இதனால் விளையும் பெருந்தீங்கு, கேள்விக்கு நேரம் மிஞ்சுவது.

4.3 கேள்வி. இதுவே இவ்வாய்வின் மையம். ஓட்டமாவடியின் பழைய இரும்புப் பாலத்தில் ரயிலுக்கும் வாகனத்துக்கும் ஒரே பாதையாக இருந்தது. ரயில் வருகிறதென்றால் பஸ்ஸும் லொறியும் சைக்கிளும் இக்கரையில் காத்து நின்றுதான் ஆகவேண்டியிருந்தது. கேள்வி கேட்கப்பட்டதும் நம்மவரின் நாவும் அப்படித்தான். விடை முதலில் தமிழில் வந்து பாதையை மறித்துக்கொள்கிறது. பின்னால் ஆங்கிலம் ஹோர்ன் அடித்துக்கொண்டு நிற்கிறது. வாகனங்களுக்குத் தனிப் பாலம் கட்டியாயிற்று. நாவுக்கு இன்னும் நிதி ஒதுக்கப்படவில்லை.

அந்த இடைவெளியில் கையாளப்படும் உத்திகள் மூவகை. ‘வெரி குட் க்வெஸ்சன்’ என்று கேட்டவரைப் புகழ்தல். பதினேழாவது ஸ்லைடைத் தேடுவதுபோல் முன்னும் பின்னும் தட்டுதல். ‘தேநீர் இடைவேளையில் கதைப்போம்’ என்று தவணை கேட்டு, அந்த இடைவேளை முழுவதும் கழிப்பறையில் ஒளிந்திருத்தல்.

5. விளக்கம்

சபையில் இருப்போர் யார்? தாய்லாந்துக்காரர், பிரேசில்காரர், ஹங்கேரிக்காரர், துருக்கியர். அத்தனை பேரும் நம்மவரைப் போலவே அலுமாரிக் கண்ணாடியின் முன் ஒத்திகை பார்த்து வந்தவர்கள். அவர்களின் இலக்கணப் பிழையும் நம்முடையதும் ஒன்றுக்கொன்று சலாம் சொல்லிக் கடந்து போகின்றன, எவருக்கும் காயமில்லை. முழு மண்டபமும் விழிப்பது, ஸ்கொட்லாந்துக்காரர் ஒருவர் தன் தாய்மொழியில் படபடவென்று பேசும்போதுதான்.

ஆகவே குறை மொழியில் இல்லை. கேள்வியை எதிர்பார்க்காமல் போவதே குறை. கிழக்கின் வகுப்பறைகளில் கேள்வி கேட்பது சேருக்குச் செய்யும் மரியாதைக் குறைவு என்று கருதி வளர்ந்தவர், திடீரென்று கேள்வி கேட்பதையே பாராட்டாகக் கருதும் சபையில் போய் நிற்கிறார். கேட்பவர் தன்னை மடக்கப் பார்க்கிறார் என்று இவர் எண்ணிக்கொள்கிறார். அவரோ உண்மையிலேயே விளங்காமல்தான் கேட்டிருப்பார்.

6. முடிவும் பரிந்துரையும்

தன் ஆய்வைப் பிளேன்டீக் கடையில் தமிழில் விளக்கி, அங்கே எழும் “சரி, இதால நமக்கென்ன லாபம்?” என்ற கேள்விக்கு மறுமொழி சொல்லக்கூடியவர் எந்த நாட்டு மேடையிலும் தப்பிவிடுவார். அது முடியாத ஒருவரை லண்டனில் பிறந்தவனின் ஆங்கிலமும் காப்பாற்றாது. எனவே பயணப்பட இருப்போர் கண்ணாடியை விட்டுவிட்டு ஒத்திகையைக் கடையில் வைத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள். கேள்வி கேட்க நாங்கள் வருவோம். பிளேன்டீக் காசு பேச்சாளருடையது.