எண் 5, புதுச்சேரி

உலகத்தை ஆறாகக் கூறு போட்ட ஹாலிவுட்காரர்கள், அதற்கு முன் புதுச்சேரிப் பக்கம் ஒரு நடை வந்து எங்கள் வீட்டில் காபி குடித்துவிட்டுப் போயிருக்கலாம். மைத்துனர் பாரீஸில், தங்கை சிங்கப்பூரில், பெரியப்பா மகன் நியூ ஜெர்சியில். ஊருக்கு வரும்போதெல்லாம் ஆளுக்கு ஒரு கட்டு டிவிடியோடு வந்து இறங்குவார்கள். சென்ட் பாட்டில், சாக்லேட் டப்பா பங்கீட்டில் எனக்கு ஓட்டுரிமை கிடையாது. டிவிடி மட்டும் என் இலாகா. ஏனென்றால் அதில்தான் எதுவும் ஓடாது.

காரணம் அட்டையின் பின்பக்கம் இருக்கிறது. பூதக்கண்ணாடிக்கு மட்டும் தெரிகிற அளவில் ஓர் உலக உருண்டை, அதற்குள் ஓர் எண். ரீஜன் என்பார்கள். அமெரிக்கா, கனடா என்றால் 1. ஐரோப்பாவும் ஜப்பானும் 2. சிங்கப்பூர், ஹாங்காங், தென் கொரியா 3. ஆஸ்திரேலியாவும் தென் அமெரிக்காவும் 4. இந்தியா, ரஷ்யா, ஆப்பிரிக்காவின் பெரும்பகுதி 5. சீனாவுக்குத் தனிக்குடித்தனம், 6. விமானத்துக்கும் கப்பலுக்கும் 8. ஏழாம் எண்ணை மட்டும் யாருக்கும் கொடுக்கவில்லை. கடைசி நேரத்தில் வரும் கூட்டணிக் கட்சிக்கு எடுத்து வைத்த தொகுதி மாதிரி அது சும்மா கிடந்தது. டிவிடியில் இருக்கும் எண்ணும் பிளேயருக்குள் இருக்கும் எண்ணும் ஒத்துப்போனால்தான் படம்.

அவர்கள் பக்கத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. அப்போதெல்லாம் அமெரிக்காவில் ஒரு படம் டிவிடியாகிக் கடைக்கு வந்த பிறகும் மற்ற நாடுகளில் தியேட்டருக்கே போகாமல் இருக்கும். அந்த டிவிடியை யாராவது பெட்டியில் வைத்துக் கொண்டுவந்து தெருவுக்கே போட்டுக் காட்டினால், இங்கே உரிமை வாங்கியவர் தலையில் துண்டுதான். தமிழ்ப் படங்களுக்கு இந்தத் தொல்லை அவ்வளவாக இல்லை. பாரீஸிலும் டொராண்டோவிலும் காசு கொடுத்து வாங்கப்போவது நம் ஆட்கள்தானே என்று, பெரும்பாலும் எங்கும் ஓடும்படியே போட்டார்கள்.

என் மாமனார் இந்த எண்களை உலக அரசியலாகப் பார்ப்பவர். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர். எங்கள் ஊர் பாஷையில் சொல்தா. பிரான்ஸின் கடல்கடந்த மண்ணான ரெயூனியன் தீவுக்கும் எண் 2தான் என்று எங்கோ படித்துவிட்டார்.

"பாத்தீங்களா மாப்பிள்ளை? அம்பத்தி நாலுல நாம சேராம இருந்திருந்தா நமக்கும் ரெண்டுதான்" என்றார்.

1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் கூடிய மக்கள் பிரதிநிதிகள் 178 பேர். இந்தியாவோடு இணைய 170 பேர் ஆதரவு, 8 பேர் எதிர்ப்பு. அந்த எட்டுப் பேரும் டிவிடியை மனத்தில் வைத்து ஓட்டுப் போட்டிருக்க வாய்ப்பில்லை என்று மாமனாரிடம் பணிவாகச் சொல்லிப் பார்த்தேன். தொலைநோக்கு உள்ளவர்கள் என்று பதில் வந்தது.

கோடு போட்டுப் பிரிப்பதெல்லாம் புதுச்சேரிக்காரனுக்குப் புதிதா? எங்கள் பிரதேசமே நான்கு துண்டு. காரைக்காலைச் சுற்றித் தமிழ்நாடு, மாகேயைச் சுற்றிக் கேரளம், ஏனாமைச் சுற்றி ஆந்திரம். ஊரைத் தாண்டி வண்டியை விட்டால் தமிழ்நாடு வரும், போகும், மறுபடி வரும். எந்த இடத்தில் எல்லை என்பது பெட்ரோல் போடுகிறவருக்கும் பாட்டில் வாங்குகிறவருக்கும் மட்டுமே துல்லியமாகத் தெரியும். இத்தனை எல்லைகளையும் ஸ்கூட்டரில் தாண்டுகிற எனக்கு ஒரு பிளேயரைத் தாண்டவைக்க முடியாதா என்று களத்தில் இறங்கினேன்.

முதலில் வீட்டுக் கம்ப்யூட்டர். அதன் டிரைவில் எண்ணை மாற்றிக்கொள்ளலாம். ஆனால் ஐந்தே ஐந்து தடவை. அதற்குப் பிறகு கடைசியாக வைத்த எண்ணிலேயே ஆயுளுக்கும் பூட்டிக்கொள்ளும். சிங்கப்பூர் தட்டுக்கு ஒன்று, நியூ ஜெர்சித் தட்டுக்கு ஒன்று என்று நான் தாராளமாகச் செலவு செய்ய, மிச்சம் இருந்த கடைசி வாய்ப்பை என் மகன் ஜப்பான் கார்ட்டூன் பார்ப்பதற்காக எடுத்துக்கொண்டான். ஜப்பானும் பிரான்ஸும் ஒரே எண் என்பதால் மைத்துனர் பிழைத்தார். தங்கை பேச்சை நிறுத்திக்கொண்டாள்.

பிழைத்த மைத்துனர் சும்மா இருக்கவில்லை. அடுத்த லீவுக்கு ஒரு பிளேயரையே தூக்கிக்கொண்டு வந்தார். பின்பக்கம் திருப்பினால், மஞ்சள், சிவப்பு, வெள்ளை என்று நம் டிவி எதிர்பார்க்கும் மூன்று ஓட்டைகளைக் காணோம். அந்த இடத்தில் இருபத்தொரு முனை கொண்ட அகலமான ஒரு பொந்து. பிரான்ஸில் அப்போது டிவிக்கு டிவி இருந்த ஸ்கார்ட் இணைப்பாம். எங்கள் டிவிக்கு அதைப் பார்த்த ஞாபகமே இல்லை. அண்ணன் கொண்டுவந்தது என்பதால் என் மனைவி அதை ஷோகேஸில் வைத்துத் துடைக்கிறாள்.

கடைசியில் புதுப் பிளேயர் வாங்க நேரு வீதிக் கடை. ஒரு தாளில் கேள்விகளை வரிசையாக எழுதிக்கொண்டு போனேன். நம் ஊருக்கும் பிரான்ஸுக்கும் உரிய பிஏஎல் முறை என்றால் 576 கோடு, நொடிக்கு 25 படம். அமெரிக்க முறையான என்டிஎஸ்சி என்றால் 480 கோடு, ஏறக்குறைய 30 படம். இரண்டையும் உங்கள் பிளேயர் வாங்கிக்கொள்ளுமா என்று நான் ஆரம்பித்ததும் கடைப் பையன் முதலாளியைப் பார்த்தான். முதலாளி ஃபேனைப் பார்த்தார்.

அந்தத் தாளில் இன்னொரு விஷயமும் இருந்தது. சினிமா எடுப்பது நொடிக்கு 24 படம். பிஏஎல் டிவிடியில் அதை 25ஆக ஓட்டிவிடுவார்கள். இரண்டரை மணி நேரப் படம் இதனால் ஆறு நிமிடம் முன்னதாகவே முடிந்துவிடும். நியூ ஜெர்சியில் நிதானமாகச் சாகிற வில்லன் பாரீஸில் அவசரமாகச் சாவான். பிரெஞ்சுக்காரர்களின் சுறுசுறுப்பு என்று மாமனார் இதற்கும் மார்க் போட்டார்.

கடையில் நான் கண்டது இதுதான்: பேர் பெற்ற கம்பெனி, கனமான பெட்டி, நல்ல விலை என்றால் அந்தப் பிளேயர் சட்டத்தை மதிக்கும். ஐந்தைத் தவிர வேறு எண்ணைக் கண்டால் வாயைத் திறந்து தட்டைத் துப்பிவிடும். மூலையில், யாரும் கேள்விப்படாத பெயரோடு, கையில் எடுத்தால் காலி டப்பாவோ என்று சந்தேகம் வருகிற எடையில் இருந்ததுதான் யாருக்கும் இல்லை என்று சொல்லாத ஜாதி. நான் கௌரவம் கருதிக் கனமான பெட்டியையே தடவிக்கொண்டிருந்தேன்.

"என்னங்க, ஓடுறது எது? அதை எடுங்க. தராசுல நிறுத்தா படம் பார்க்கப்போறோம்?" என்றாள் மனைவி.

அந்த இலேசான பிளேயரின் ரகசியத்தைக் கடைப் பையன் குரலைத் தாழ்த்திச் சொன்னான். தட்டு உள்ளே போகும் வாயைத் திறந்து வைக்க வேண்டும். ரிமோட்டில் ஒரு பட்டன், பிறகு வரிசையாகச் சில எண்கள். திரை ஓரத்தில், புத்தகத்தில் எங்கும் போடாத ஒரு சின்ன மெனு எட்டிப் பார்க்கும். அதில் இருக்கும் 5ஐச் சுழியமாக்கினால் போதும், உலகம் ஒன்றாகிவிடும். அந்த எண்களை மனைவி காஸ் புத்தகத்தின் பின்னட்டையில் குறித்து வைத்தாள். சில அமெரிக்க டிவிடிகள் மட்டும் சுழியத்தைக் கண்டுபிடித்துவிடும். உலக வரைபடத்தைத் திரையில் விரித்து, இது தகுதியான பிளேயர் இல்லை என்று முகத்தில் அடித்தாற்போல் எழுதிக் காட்டும். அப்போது மறுபடி வாயைத் திறந்து, சுழியத்தை 1 ஆக்க வேண்டும்.

முதல் படம் மாமனாரின் ஆசைப்படி லூயி தெ ஃபூனே நடித்த பிரெஞ்சு நகைச்சுவை. ஓடியது, கலரில் ஓடியது. மொத்தமும் பிரெஞ்சு; ஆங்கிலத்தில் ஒரு வரி எழுத்துகூட இல்லை. மாமனார் விழுந்து விழுந்து சிரித்தார். மொழிபெயர்க்கச் சொன்னால், மூச்சுவிடாமல் போன நீண்ட வசனத்துக்கு, "ஆளு கோவமா இருக்கான்" என்றார். முகத்தைப் பார்த்து அதை நாங்களே கண்டுபிடித்திருந்தோம்.

டிவிடிக்கு அடுத்து வந்த புளூரேயில் எண்கள் போய் மூன்று எழுத்துகள் வந்தன. அமெரிக்காவும் சிங்கப்பூரும் ஏ, பிரான்ஸ் பி, நாம் சி. சீனாவும் சி. இமயமலையில் ஒத்துவராத இரண்டு நாடுகளை ஒரே எழுத்தில் உட்காரவைத்த பெருமை சினிமாக் கம்பெனிகளுக்கே. இப்போது வரும் 4கே தட்டுகளில் பிரிவினையையே எடுத்துவிட்டார்கள். உலக ஒற்றுமைக்கு 4கே டிவியும் புதிதாக வாங்க வேண்டும் என்பதால் எங்கள் வீட்டில் அந்தத் தீர்மானம் நிலுவையில் இருக்கிறது.

இதற்கிடையில் மகளுக்கு வரன் பார்க்க ஆரம்பித்திருக்கிறோம். மான்ட்ரியலில் ஒரு பையன். ஊரே பிரெஞ்சு பேசுகிறது என்றதும் மாமனார் ஜாதகத்தைப் பார்க்காமலேயே தலையாட்டிவிட்டார். பேசுவது பிரெஞ்சானாலும் கனடாவுக்கு எண் 1, பத்துப் பொருத்தமும் இருந்து ரீஜன் பொருத்தம் இல்லாவிட்டால் பின்னால் கஷ்டம் என்று நான் எச்சரித்தேன்.

"உங்களுக்கும் எனக்கும் ஒரே ரீஜன்தாங்க" என்றாள் மனைவி. "என்ன ஓடிடுச்சு?"