பஞ்சாங்கம் பார்த்து ரோல் வாங்கிய காலம்

கல்யாணப் புகைப்படக்காரர்களுக்குத் தை பிறந்தால்தான் வருஷம் பிறக்கும். கும்பகோணத்தைச் சுற்றிய ஊர்களில் சம்பா அறுவடை முடிந்து, நெல் விற்ற காசு கைக்கு வந்து, பெண்ணைப் பெற்றவர்கள் பஞ்சாங்கத்தைப் புரட்டத் தொடங்கும்போது நாங்களும் புரட்டுவோம். இந்தத் தையில் வளர்பிறை முகூர்த்தம் எத்தனை, ஒரே நாளில் இரண்டு கல்யாணம் வந்தால் எதற்கு யாரை அனுப்புவது, எத்தனை ரோல் வாங்கி வைப்பது என்று கணக்குப் போட்டபடியே பொங்கல் கரும்பைக் கடித்த அந்த நாட்களைப் பற்றி இன்று கேமரா தூக்கும் பிள்ளைகளிடம் சொன்னால், ரோல் என்றால் என்ன என்பதிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது.

முதலில் யாஷிகா கேமரா. மார்புக்குக் கீழே தொங்கவிட்டு, தலை குனிந்து, மேலே இருக்கும் கண்ணாடியில் பார்க்க வேண்டும். அதில் மணமகள் இடமும் மாப்பிள்ளை வலமுமாக மாறித் தெரிவார்கள். ஒரு ரோலுக்கு 12 படம். ஊட்டியில் 1960இல் தொடங்கிய ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸின் ‘இந்து’ கறுப்பு வெள்ளை ஃபிலிமை நாங்களே சிவப்பு விளக்கில் பிரிண்ட் போட்டோம். பிறகு கலர் வந்தது, பென்டாக்ஸ் கே1000 வந்தது, நிக்கான் எஃப்எம்2 வந்தது. ஒரு ரோலுக்கு 36 படம் என்றானபோது செல்வந்தர்களாகிவிட்டதாகவே உணர்ந்தோம். பார்த்துப் பக்குவமாக மாட்டினால் 37, சில சமயம் 38ஆவது படமும் கிடைக்கும். அந்த ஒரு படத்தின் சந்தோஷம் அன்று முழுவதும் கூடவே இருக்கும்.

அந்தக் காலத்தில் காதுதான் முதல் கருவி. ஐயர் கைகாட்டியதும் தவில் சட்டென்று கெட்டிமேளத்துக்குத் தாவும், அட்சதை பறக்கும், உறவெல்லாம் எழுந்து நிற்கும், அந்த நொடிக்குள் தாலி ஏறிவிடும். மறுபடி கட்டச் சொல்லி எடுக்க முடியாது. அதனால் ரோலில் நாலைந்து படம் மிச்சம் இருந்தாலும் அதைத் தியாகம் செய்து, முன்னாலேயே புது ரோல் மாட்டிவிடுவோம். ஃபிளாஷின் சிறு விளக்கு எரிகிறதா என்று பார்த்துக்கொண்டு, ஹோமப் புகையில் கண் எரிய, எதையும் எடுக்காமல் காத்திருப்போம். காத்திருப்பது அந்தத் தொழிலில் பெரும் பாதி. எடுத்தது எப்படி வந்திருக்கிறது என்பது, இரவுத் திருவள்ளுவர் பேருந்தில் சென்னை லேபுக்குப் போன ரோல்கள் பிரிண்டாகத் திரும்பி வரும் வரை யாருக்கும் தெரியாது.

பிள்ளைகள் மட்டும் காத்திருக்க மாட்டார்கள். பட்டுப்பாவாடையும் வேட்டியுமாக முன்னால் வந்து நின்று, ‘அண்ணா, என்னை ஒண்ணு’ என்பார்கள். அவர்கள் எல்லோருக்கும் ரோல் செலவழித்தால் கல்யாண வீட்டுக்குக் கட்டாது. அதனால் ஃபிளாஷில் இருக்கும் பொத்தானை மட்டும் அழுத்துவோம். பளிச்சென்று வெளிச்சம் வரும், குழந்தை துள்ளிக்கொண்டு ஓடும். ஊரெங்கும் புகைப்படக்காரர்கள் இதைச் செய்தார்கள். இன்று குழந்தைகளுக்கு நிஜமாகவே படம் எடுக்க முடிகிறது, வேண்டும் மட்டும். அது எனக்குப் பெரிய ஆறுதல்.

வைகாசியில் மாலைக்குள்ளேயே மணமகள் வேர்த்துப்போவாள். வண்டியில் மறந்து வைத்த ஃபிலிம் சூட்டில் நிறம் கெடும். ஐப்பசியில் மழை. ஈரக்காற்று லென்ஸுக்குள் பூஞ்சை கட்டும் என்பதால், வீட்டு அரிசி டின்னுக்குள் கேமராவைப் புதைத்து வைத்திருந்தேன். அம்மா உலை வைக்க அரிசி அள்ளும்போது லென்ஸ் கையில் தட்டுப்படும். பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில், ஓலைப் பந்தல் ஒழுக, தாய்மாமன் குடை பிடிக்க எடுத்த படங்கள் எத்தனையோ. இன்றைய மணமக்கள் அதே மழையைத் தேடிப்போய், கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குடையோடு நின்று எடுத்துக்கொள்கிறார்கள். நாங்கள் பயந்து ஒதுங்கிய மழை இப்போது ஆல்பத்தின் முதல் பக்கத்தில் இருக்கிறது!

ஆடியிலும் புரட்டாசியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இல்லை. அந்த மாதங்களில் பள்ளிவாசல் தெருவின் நிக்காஹும், தேவாலயத்துத் திருமணமும்தான் எங்கள் அடுப்பை எரியவிட்டன. தவக்காலம் வந்தால் தேவாலயத்திலும் கல்யாணம் நிற்கும். எனக்கு மிகவும் பிடித்தது ஆடிதான். புதுப்பெண்ணை ஆடிக்குத் தாய் வீட்டுக்கு அழைத்து வருவார்கள், நாங்களும் அப்போதுதான் ஆல்பத்தை முடித்துக் கொண்டுபோய்க் கொடுப்போம். கறுப்பு அட்டை, நாலு மூலையிலும் படத்தைப் பிடிக்கும் சின்னக் காகிதக் கூடுகள், பக்கத்துக்குப் பக்கம் சிலந்திவலைக் கோலம் போட்ட மெல்லிய தாள். திண்ணையில் அக்கம்பக்கத்துப் பெண்கள் எல்லாம் கூடி, பெண்ணின் மடியில் ஆல்பம், அவளுக்குப் பின்னால் எட்டிப் பார்க்கும் ஐந்தாறு தலைகள். ‘இதோ பார், உன் சித்தி சாப்பாட்டுப் பந்தியிலேயே கண்ணை மூடியிருக்கா’ என்று ஒருத்தி சொல்ல, சித்தி சண்டைக்கு வர, ஒரு பக்கம் புரள அரைமணி நேரம் ஆகும். காபி குடித்துவிட்டுப் பாக்கிப் பணத்தை வாங்கிக்கொண்டு கிளம்ப மனசே வராது. பதினெட்டாம் பெருக்கன்று அதே பெண் கணவனோடு காவிரிக்கரைக்கு வந்து கல்யாண மாலையை ஆற்றில் விடுவாள், அதையும் ஒரு படம் எடுப்பேன்.

ரோலை ஒழித்த டிஜிட்டல் கேமராவின் முதல் மாதிரியை 1975இல் செய்தவர், ரோல் விற்ற கோடாக் நிறுவனத்திலேயே வேலை பார்த்த ஸ்டீவன் சாஸன். அந்த நிறுவனம் 2012இல் திவால் பாதுகாப்புக் கோரியபோது எனக்குத் துக்கமாக இருந்தது. ஆனால் புதியது கொடுத்ததை மறுக்க மாட்டேன். அன்று மணமகள் அலங்கரித்துக்கொள்ளும் அறைக்கு வெளியே நாங்கள் நின்றோம். உள்ளே அம்மா தலைவாரி விடும்போது அழுததை ஒருவரும் எடுத்ததில்லை. இன்று கேமராவோடு இளம்பெண்கள் அந்த அறைக்குள் போகிறார்கள். அவர்கள் எடுத்துவரும் அந்த அம்மாவின் முகத்துக்கு ஈடாக நான் எடுத்த மேடைப் படம் ஒன்றுகூட இல்லை.

இழந்தது குரூப் ஃபோட்டோவை. முற்றத்தில் நாற்காலி போட்டு, தாத்தா பாட்டிகளை நடுவில் உட்கார்த்தி, பிள்ளைகளைப் பாயில் இருத்தி, பெரியப்பா ஒருவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கூப்பிட்டுச் சேர்க்க, சண்டை போட்டுப் பேசாமல் இருந்த அண்ணன் தம்பிகூட ஓர் ஓரத்தில் வந்து நிற்பார்கள். பல வருஷம் கழித்து, ஒரு வீட்டில் சாவு விழுந்தால், மாலை போடப் படம் வேண்டுமென்று ஸ்டூடியோவுக்கு வருவார்கள். தேடிப் பார்த்தால் அந்தப் பாட்டியின் நல்ல முகம் இருப்பது பேத்தி கல்யாணத்து குரூப் ஃபோட்டோவில்தான். நெகட்டிவிலிருந்து அந்த முகத்தை மட்டும் பெரிதாக்கிக் கொடுப்பேன். இன்று அதே காரியத்துக்கு வருகிறவர்கள் நீட்டும் செல்போனில், வாட்ஸ்அப்பில் கைமாறிக் கைமாறி மங்கிய ஒரு படம் இருக்கிறது, அதில் பாட்டியின் பாதி முகம். கல்யாணத்தில் எடுத்த ஆயிரக்கணக்கான படங்கள் எந்தப் பென்டிரைவில் என்று யாருக்கும் நினைவில்லை.

இந்த ஆவணியிலோ தையிலோ உங்கள் வீட்டில் கல்யாணம் நடந்தால், பந்தி முடிந்து உறவு கலைவதற்குள், பெரியவர்களை உட்கார வைத்து ஒரு குரூப் ஃபோட்டோ எடுக்கச் சொல்லுங்கள். பத்து பிரிண்ட் போட்டு ஆளுக்கொன்று கொடுங்கள். பின்பக்கம் தேதியையும் எல்லோர் பெயரையும் பென்சிலால் எழுதுங்கள், பேனா மை ஊறிவிடும். நாற்காலியைப் புகைப்படக்காரரே சந்தோஷமாக இழுத்துப் போடுவார்.