சதுர முனை, உருண்டைத் துளை

கூத்தாநல்லூர் மின் ஒப்பந்ததாரருக்கு வேலை கொடுப்பவர் பலரும் ஊரில் இருப்பதில்லை. சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ இருந்துகொண்டு, வாட்ஸ்அப் காணொளியில் சுவிட்சுக்கு இடம் காட்டுவார்கள். அங்கிருந்து வரும் கெட்டிலின் பிளக்குக்குச் சதுர முனை, 13 ஆம்பியர். இங்குள்ள சாக்கெட்டுக்கு உருண்டைத் துளை, 6 அல்லது 16. ஆகவே ஒரே சுவரில் இரண்டு நாட்டுக்கும் ஓட்டை போட வேண்டும். அறைக்கு அறை ஏசி பாயின்ட் உண்டு. குடியிருக்கும் பாட்டிக்கோ மின்விசிறிக் காற்றே ஆகாது.

2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரை கடந்ததில் டெல்டாவிலும் அக்கம்பக்க மாவட்டங்களிலும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. கம்பத்தை நிமிர்த்துவது மின்வாரியத்தின் வேலை. மீட்டருக்கு இப்பால்தான் ஒப்பந்ததாரரின் ராஜ்ஜியம். கடல் கடந்து “கரன்ட் எப்ப வரும்?” என்று கேட்பவர்கள் இந்த எல்லையை மதிப்பதில்லை. பாக்கித் தொகையைப் பற்றிப் பேச்செடுத்தால் மட்டும் சிக்னல் போய்விடும்.