வலையை இறக்குங்கள், ஆட்டம் தயார்!

கேள்வி: பிக்கிள்பால் ஆட ஆசை. எங்கள் ஊரில் இறகுப்பந்துக் களம்தான் இருக்கிறது. அது போதுமா? விதிகள் கடினமா?
– ஒரு வாசகர், வடக்கனந்தல்

பதில்: தாராளமாகப் போதும். 1965-இல் அமெரிக்காவின் பெயின்பிரிட்ஜ் தீவில் இந்த ஆட்டம் பிறந்ததே ஒரு வீட்டின் பழைய இறகுப்பந்துக் களத்தில்தான். இன்றும் அளவு அதேதான்: 44 அடி நீளம், 20 அடி அகலம். வலையை மட்டும் இறக்கிக் கட்டுங்கள். ஓரத்தில் 36 அங்குலம், நடுவில் 34.

சர்வீஸை இடுப்புக்குக் கீழிருந்து, குறுக்காகப் போட வேண்டும். எதிரணி அதை ஒரு பிட்ச் விழவிட்டுத்தான் திருப்பலாம். திரும்பி வருவதை நீங்களும் ஒரு பிட்ச் விட்டாக வேண்டும். அப்புறம்தான் அந்தரத்தில் அடிக்க அனுமதி. எடுத்த எடுப்பில் வலைக்குப் பாய்கிறவர்களை அடக்கிவைக்க இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது!

வலைக்கு இருபுறமும் 7 அடி வரை ‘கிச்சன்’. சர்வீஸ் அதைத் தாண்டி விழ வேண்டும். உள்ளே நிற்கலாம், பிட்சாகி எழுந்த பந்தை அடிக்கலாம்; அந்தரத்துப் பந்தை மட்டும் தொடக்கூடாது. வெளியே நின்று அப்படி அடித்துவிட்டு, வேகம் தாங்காமல் உள்ளே கால் வைத்தாலும் ஃபவுல்தான். வலையோரம் பாய்ந்து பழகிய இறகுப்பந்துக் கால்கள் கொஞ்ச நாள் அடம்பிடிக்கும், விடாமல் பழக்குங்கள்.

வழக்கமான ஆட்டத்தில் சர்வீஸ் போடும் அணிக்கே புள்ளி. 11 எடுத்து, 2 புள்ளி முன்னால் இருந்தால் வெற்றி. நாலு பேராகச் சேர்ந்து ஆடுங்கள், இரட்டையரில்தான் ருசி அதிகம்.