கரடுமுரடாகச் சைக்கிள் ஓட்டுவது எப்படி?

'கிராவல்' என்றதும் செம்மண் ஏற்றிய டிப்பர் லாரி உங்கள் நினைவுக்கு வந்தால் நீங்கள் நம்மூர்க்காரர். ஹெல்மெட்டும் இறுக்கமான கால்சட்டையும் நினைவுக்கு வந்தால் சைக்கிள்காரர். ஈரோடு வட்டாரத்தை மனதில் வைத்து எழுதப்பட்ட இந்தக் கையேடு இரண்டாமவருக்கு. முதலாமவருக்கு ஒரே ஒரு விண்ணப்பம்: லாரிக்குத் தார்ப்பாய் போடுங்கள். பின்னால் நாங்கள் வருகிறோம்.

விஷயம் தெரியாதவர்களுக்காக: ரேஸ் சைக்கிளின் வளைந்த ஹேண்டில்பாரும் மண்ணைத் தாங்கும் தடித்த டயரும் சேர்ந்தால் கிராவல் சைக்கிள். அமெரிக்காவில் கான்சாஸ் மாநிலத்தின் ஃபிளின்ட் ஹில்ஸ் பகுதியில் 2006 முதல் 200 மைல் மண்பாதைப் பந்தயம் நடக்கிறது. 2022 முதல் உலகச் சாம்பியன் போட்டியும் உண்டு. அங்கே தார் போடாத பாதையைத் தேடிக் காசு கட்டிப் போகிறார்கள். நாம் அதே பாதைக்குத் தார் போடச் சொல்லி மனுநீதி நாளில் வரிசையில் நிற்கிறோம்.

வண்டி

நல்ல கிராவல் சைக்கிள் லட்சத்தைத் தாண்டும். வீட்டில் பாதி விலை சொல்லுங்கள். அதற்கே திட்டு கிடைக்கும். என் டயரின் பக்கவாட்டில் 40-622 என்று அச்சிட்டிருக்கிறது. 40 என்பது மில்லிமீட்டரில் அகலம். தோட்டத்துச் சாளையில் சாய்ந்து கிடக்கும் அப்புச்சியின் சைக்கிளைத் துடைத்துப் பார்த்தேன். 28×1½ டயர், பக்கத்திலேயே 40-635. அகலத்தில் ஒரு மில்லிமீட்டர்கூட வித்தியாசமில்லை. அவர் அதை உரமூட்டை ஏற்ற வைத்திருந்தார், நான் உடம்பு இளைக்க வைத்திருக்கிறேன்.

முதல் நிலை: கற்றுக்குட்டிகள்

கீழ்பவானி வாய்க்கால் கரை. ஊரில் 'எல்பிபி' என்றால் குழந்தைக்கும் தெரியும். 1955இல் கட்டி முடிந்த பவானிசாகர் அணையிலிருந்து 200 கிலோமீட்டர் ஓடி, இரண்டு லட்சம் ஏக்கருக்கு மேல் பாசனம் தருகிறது. தண்ணீர் தானாக ஓடுவதற்காக நில மட்டத்தை ஒட்டியே வெட்டிய வாய்க்கால் என்பதால் கரையில் ஏற்றம் இறக்கம் கண்ணுக்கே தெரியாது. அணையிலிருந்து கிளம்பினால் சரிவு உங்கள் பக்கம். திரும்பி வரும்போது எதிர்க்காற்று என்று சொல்லிக்கொள்ளலாம்.

கற்க வேண்டிய பாடம்: தளர்ந்த சரளையில் வளைவுக்கு முன்பே பிரேக் பிடித்து முடித்துவிட வேண்டும். வளைவுக்குள் பிடித்தால், வழக்கமாக ஆகஸ்ட் 15 அன்று திறக்கும் முதல்போகத் தண்ணீரில் நீங்களும் கடைமடை வரை பாயலாம்.

எச்சரிக்கை: வாய்க்காலுக்குக் கான்கிரீட் போடலாமா, கூடாதா என்று டீக்கடையில் உங்களிடம் கேட்பார்கள். போட்டால் கசிவு நின்று கிணறு வற்றும் என்பவரும், போடாவிட்டால் கடைமடைக்குத் தண்ணீர் வராது என்பவரும் ஒரே பெஞ்சில்தான் உட்கார்ந்திருப்பார்கள். கற்றுக்குட்டி பதில் சொல்வான். அனுபவசாலி பாட்டிலைத் திறந்து தண்ணீர் குடித்துக்கொண்டே இருப்பான்.

இரண்டாம் நிலை: கொஞ்சம் பழகியவர்கள்

காலிங்கராயன் வாய்க்கால். 13ஆம் நூற்றாண்டில் வெட்டியது. பவானியில் தொடங்கிக் கொடுமுடிப் பக்கம் வரை சுமார் 90 கிலோமீட்டர். பாம்பு ஊர்ந்து வழிகாட்டிய தடத்தில் வெட்டினார்கள் என்பது கதை. ஓட்டிப் பார்த்தால் நம்புவீர்கள். அந்தப் பாம்புக்கு அவசரமே இருந்திருக்கவில்லை. ஒரு பக்கம் மஞ்சள் காடு, வாழை, நெல். ஈரோட்டை நெருங்கினால் சாய, தோல் கழிவு படுத்திய பாட்டை மூக்கு சொல்லும். அந்தத் தொலைவில் மூச்சடக்கப் பயிற்சி இலவசம்.

கற்க வேண்டிய பாடம்: டிராக்டர் ஓடி அலை அலையாகிப்போன தடத்தில் இருக்கையில் அழுந்தி உட்காராதீர்கள். முழங்காலையும் முழங்கையையும் லேசாக மடக்கி, வண்டி தன்பாட்டுக்கு ஆடட்டும் என்று விடுங்கள். படித்துறையில் துணி துவைப்பவர்களைக் கண்டால் இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள். சராசரி வேகம் குறைந்துவிடும் என்ற கவலையை அங்கே வெளியில் சொல்ல வேண்டாம்.

மூன்றாம் நிலை: தைரியசாலிகள்

இட்டேரி. இரண்டு பக்கமும் கிளுவையும் கள்ளியும் வேலி கட்டி நிற்க, நடுவில் ஒரு மாட்டுவண்டி போகும் அகலத்தில் ஓடும் மண்தடம். காங்கயம் பக்கம் போனால் வேலிக்கு அந்தப்புறம் கொறங்காடு. அதில் வெள்வேல மரமும் கொழுக்கட்டைப் புல்லும் மேயும் மாடும். வாசலில் படல் கட்டியிருந்தால் அது பாதையில்லை, ஒருவருடைய மேய்ச்சல் நிலம். உங்கள் செல்போன் வரைபடம் அதை வழி என்று காட்டும். அந்தக் காங்கயம் காளை வரைபடம் பார்ப்பதில்லை.

முள்: கான்சாஸ்காரர்கள் 'ஆட்டுத் தலை' என்று பெயர் வைத்து அலறும் முள் வேறொன்றுமில்லை, நம் நெருஞ்சிதான். டியூப் இல்லாத டயருக்குள் அடைப்புத் திரவம் ஊற்றி வைத்தால் சமாளிக்கலாம்: முள்ளைப் பிடுங்கி, ஓட்டை கீழே வரும்படி சக்கரத்தைத் திருப்பி நிறுத்துங்கள், திரவம் அடைத்துக்கொள்ளும். சீமைக்கருவேல முள் என்றால் திரவத்தோடு கொஞ்சம் பிரார்த்தனையும் தேவை.

நாய்: தோட்டத்து நாயிடம் வேகத்தைக் காட்டாதீர்கள், அதற்கு அது ஓட்டப் பந்தயம். இறங்குங்கள். உங்களுக்கும் நாய்க்கும் நடுவில் சைக்கிள் வரும்படி வைத்து மெதுவாக நடங்கள். லட்ச ரூபாய் வண்டியின் முதல் உண்மையான பயன் அப்போதுதான் தெரியும்.

இன்னொரு ஆபத்து: அகலமாக, சமமாக, புத்தம்புதிதாகக் கிராவல் கொட்டிய அருமையான பாதை திடீரென்று எதிர்ப்பட்டால் மகிழாதீர்கள். பத்தடி தாண்டினால் மஞ்சள் கல், வண்ணக்கொடி, குடை நட்ட மேசை. நீங்கள் மனைப்பிரிவுக்குள் நுழைந்துவிட்டீர்கள். போன வருஷம் இதே இடம் இட்டேரியாக இருந்தது. நாயிடமிருந்து தப்பிய உத்தி இங்கே பலிக்காது. அவர்கள் போன் நம்பர் வாங்காமல் விடமாட்டார்கள்.

நான்காம் நிலை: கைதேர்ந்தவர்கள்

பவானிசாகரிலிருந்து தெங்குமரஹாடா போகும் காட்டுத்தடம். கல், குழி, காட்டாறு. கடைசியில் பரிசலில் மாயாற்றைக் கடந்தால்தான் ஊர். கிராவல்காரன் கனவில் வரும் பாதை. கனவிலேயே இருக்கட்டும். 2013இல் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்ட சத்தியமங்கலம் காடு அது. வனத்துறை அனுமதியில்லாமல் வெளியாள் உள்ளே போக முடியாது. யானைக்கு நீங்கள் எந்த நிலை ஓட்டுநர் என்று தெரியாது, கேட்கவும் கேட்காது. அந்த ஊர்க்காரர்களே பேருந்தில்தான் போய்வருகிறார்கள். கைதேர்ந்தவர் என்பதற்கு இங்கே ஒரே அடையாளம், சைக்கிளை அணையோடு திருப்பிவிடுவது.

ஐந்தாம் நிலை: இதற்கு மேல் யாருமில்லை

போன சித்திரையில் அரச்சலூர்ப் பக்கம் ஓர் இட்டேரியில் போய்க்கொண்டிருந்தேன். மணல் சேர்ந்த இடம். மணலில் என்ன செய்ய வேண்டும் என்று எனக்கு மனப்பாடம்: எடையைப் பின்னால் தள்ளு, இலகுவான கியருக்கு மாறு, ஹேண்டில்பாரைத் திருப்பாதே, பிரேக்கைத் தொடாதே. எல்லாவற்றையும் செய்தேன். பத்தடியில் முன்சக்கரம் புதைந்து வண்டி நின்றது. நான் நிற்கவில்லை.

எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தபோது பின்னால் கிறீச் சத்தம். எழுபதைத் தாண்டிய ஒரு பெரியவர், அப்புச்சியின் வண்டியைப் போன்ற ஒன்று, கேரியரில் அவரைவிட அகலமாகச் சோளத்தட்டுக் கட்டு. அதே மணலைக் கடந்து வந்து, காலை ஊன்றி நிறுத்தினார்.

"ஏந் தம்பி, வண்டி ரிப்பேருங்களா?"

"இல்லீங்க. மணலுங்க. பொதைஞ்சு போச்சு."

இறங்கிவந்து என் முன் டயரைக் கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்தினார்.

"கல்லாட்டம் இருக்குதுங்க தம்பி. காத்தைக் கொஞ்சம் எறக்கி உடுங்க."

டயரில் காற்று குறைந்தால் மண்ணில் பதியும் பரப்பு கூடும், புதையாது, வழுக்காது. இதைத்தான் கிராவல் உலகம் அட்டவணை போட்டு விளக்குகிறது. நானும் படித்திருந்தேன். படித்துவிட்டு, வீட்டில் பம்ப் இருக்கிறதே என்று 60 அடித்துக்கொண்டு வந்திருந்தேன்.

ஆகவே வாசகர்களே, நடுத்தர எடையுள்ளவர்கள் மண்பாதைக்கு முன் டயரில் 30, பின் டயரில் 35 பி.எஸ்.ஐ. வைத்துத் தொடங்கலாம். கொழுத்த உடம்பானால் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள். காலை ஐந்தரைக்குக் கிளம்பி வெயில் ஏறும் முன் திரும்புங்கள். எதிரே சோளத்தட்டுக் கட்டோடு யாராவது வந்தால் ஒதுங்கி வழிவிடுங்கள், வேலையாகப் போகிறவர் அவர்தான்.